வான்சாங்கின் பங்குக்கு நாற்பது நாள்

ஃபெங்சென் ஊரில் நிலா கேக் விஷயமாக ருன்மெய்யிடம் வாயைக் கொடுத்துவிட்டு முழுசாக மீண்டவர் யாரும் கிடையாது. பதினேழு வருஷமாகக் கடைத்தெரு முனை மளிகைக் கடையில் சரக்குப் பார்க்கிறவள். பால் பவுடரோ, சோயா சாஸோ, ஊறுகாய்ப் புட்டியோ, கையில் எடுத்ததும் கவிழ்த்துத் தேதியைப் பார்த்த பிறகுதான் அலமாரியில் ஏற்றுவாள். பழைய தேதியை அழித்துப் புதுத் தேதி போட்டுக்கொண்டு வந்த பிஸ்கட் வியாபாரி ஒருவனை நடுத்தெருவில் நிறுத்தி நாலு கேள்வி கேட்டாள். அந்த ஆள் அதற்கப்புறம் அந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. தெருவில் அவளுக்குத் ‘தேதிக்காரி’ என்று பெயர். அது அவளுக்கும் தெரியும். வைக்கிற பட்டப்பெயரை இப்படி உருப்படியாக வைத்தார்களே என்று விட்டுவிட்டாள்.

அப்பேர்ப்பட்டவள் வீட்டில்தான் போன வருஷப் பிறப்புக்கு அந்தக் கூத்து நடந்தது.

அவள் புருஷன் ஹாவ் வான்சாங் லாரிக்காரன். எட்டாம் மாதப் பௌர்ணமி வந்தால் எங்கள் ஊரே நிலா கேக் சுடும். பாழாய்ப்போன உருளைக்கிழங்கும் அதே சமயம் பார்த்துத்தான் மண்ணைவிட்டு வெளியே வரும். கிழங்கு வந்துவிட்டால் லாரிக்காரனுக்கு வீடு வாசல் எல்லாம் மறந்துபோகும். தெற்கே குவாங்சோவுக்குக் கிழங்கு, அங்கிருந்து இன்னொரு ஊருக்கு வாழைக்காய், அந்த ஊரிலிருந்து வேறொரு ஊருக்கு வேறென்னவோ. பதினோரு வருஷமாக வான்சாங் ஒரு பௌர்ணமிக்கும் வீட்டில் இருந்ததில்லை.

ஆனால் அவன் பங்கு இருந்தது. பௌர்ணமி அன்று முற்றத்தில் நிலாவுக்குப் படைத்த பெரிய கேக்கை, வீட்டில் எத்தனை தலையோ அத்தனை துண்டாக வெட்டுவார்கள். வெளியூரில் இருப்பவனும் ஒரு தலைதான். அவன் துண்டை எடுத்து வைத்து, அவன் வருகிற அன்றைக்குக் கொடுக்கவேண்டும், வருஷப் பிறப்பே ஆனாலும் சரி. பங்கு வீட்டில் இருந்தால் ஆளும் வீட்டில் இருக்கிறான் என்று அர்த்தம்.

போன வருஷம் அவன் வருஷப் பிறப்புக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தான். நாலரை மாதம் கிடந்த துண்டில் வால்நட் காறிப்போயிருந்தது. ஓரத்தில் பச்சையாக ஒரு புள்ளி. தூக்கிப் போடு என்று ருன்மெய் தலைபாடாக அடித்துக்கொண்டாள். குடும்பப் பங்கைப் போய்க் குப்பையில் போடுவதா என்று அவன் கத்தியால் புள்ளியைச் சுரண்டிவிட்டு மொத்தத்தையும் தின்று தீர்த்தான். அப்புறம் மூன்று நாள். கக்கூஸோ முற்றத்தின் கோடியில் இருக்கிறது. வெளியே எச்சில் துப்பினால் தரையில் விழுமுன் உறைகிற குளிர். பருத்திக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் ஓடின ஓட்டத்தைத் தெருவே பார்த்தது. வருஷப் பிறப்புக்கு வெடித்த பட்டாசைவிட அவனைப் பற்றித்தான் பேச்சு அதிகம்.

ருன்மெய்க்கு அதுகூடப் பெரிசில்லை. எப்போது வருகிறாய் என்று போனில் கேட்டால், என் பங்குதான் வீட்டில் இருக்கிறதே, அப்புறம் என்ன என்பான். பதினோரு வருஷமும் அதை வேடிக்கைப் பேச்சென்று நினைத்துச் சிரித்திருக்கிறாள். அந்த மூன்று நாளும் அவனுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷமாக அவள் குடும்பம் நடத்தியது ஒரு கேக் துண்டோடு. அது பாட்டுக்கு அலமாரியில் இருக்கிறது என்கிற தைரியத்தில்தான் இந்த மனுஷன் ஊர் ஊராகச் சுற்றுகிறான். இனி ஒரு பௌர்ணமிக்கு இதை நடக்கவிடக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

இந்த வருஷம் பௌர்ணமிக்கு ஆறு நாள் முன்னால், பக்கத்து வீட்டு சாய்லிங்கின் அடுப்பில் முறை கிடைத்தது. தெருவுக்கே அவள் வீட்டில்தான் பெரிய அடுப்பு. அவரவர் மாவு, ஆளிவிதை எண்ணெய், சர்க்கரை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்ச் சுட்டு எடுத்துவர வேண்டும். சாய்லிங்குக்கு அடுப்பும் பெரிசு, வாயும் பெரிசு. ருன்மெய் அறுபது சின்ன கேக்கும், நிலாவுக்குப் படைக்க வால்நட்டும் எள்ளும் வெல்லமும் வைத்த பெரிய கேக் ஒன்றும் சுட்டாள். சுட்டதைச் சூட்டோடு ஜாடியில் போடப் போன ஒருத்தியை அங்கேயே பிடித்துக்கொண்டாள். சூடு ஆறாமல் மூடினால் உள்ளே வேர்க்கும், வேர்த்தால் பூசணம் பிடிக்கும், அப்புறம் என் கடைக்கு வயிற்று மருந்து தேடி வராதே என்று சொல்லி அனுப்பினாள். தன்னுடையதை நாணல் தட்டில் பரப்பி ராத்திரி முழுக்க ஆறவிட்டாள்.

ஜாடியையும் அவள் விடவில்லை. கழுவி, இரண்டு நாள் வெயில் காட்டி, உள்ளே சாராயம் தொட்ட துணியால் ஒரு துடை. அடுக்குக்கு அடுக்கு கேக், நடுநடுவே மணத்துக்குக் குட்டி ஆப்பிள். அந்த ஆப்பிளை ஒவ்வொன்றாகத் துடைத்து, தோலில் கீறல் இருந்தால் ஒதுக்கிவிட்டாள். முழுப் பழம் என்றால் வாசனையோடு சரி, கேக்கும் பதமாக இருக்கும். கீறின பழம் தண்ணீர் விடும். ஜாடியை முற்றத்துக் குளிர் அறையில், சுவரை ஒட்டாமல் பலகைமேல் வைத்து மூடினாள். ஈரக் கையோடு இதைத் தொட்டால் அந்தக் கை அப்புறம் கையாக இருக்காது என்று மாமனாரைப் பார்த்துச் சொன்னாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, அவள் பங்கு இப்போது மாமியார் வீட்டில்.

மாமனார் ஹாவ் தெஷானுக்கு எழுபத்தாறு வயது. பொய்ப்பல், சர்க்கரை வியாதி, நாக்கு மட்டும் இருபது வயதில் நின்றுவிட்டது. பௌர்ணமி அன்று பெரிய கேக்கை மூன்றாக வெட்டியதும் தன் துண்டை இரண்டு கையாலும் வாங்கினார். ருன்மெய் அதைத் திரும்ப வாங்கி விரல் அளவுக்குப் பத்துத் துண்டாக்கி, ஒரு நாளைக்கு ஒன்று, அதுவும் சர்க்கரையில்லாத தேநீரோடு, அன்றைக்கு ராத்திரி சோறு பாதி என்று சட்டம் போட்டாள். ஆஸ்பத்திரியில்கூட இவ்வளவு கறார் கிடையாது என்று கிழவர் நிலாவைப் பார்த்து முறையிட்டார்.

வான்சாங்கின் துண்டை மட்டும் எண்ணெய்த் தாளில் சுற்றி, ஒரு தகர டப்பாவில் வைத்தாள். கடையிலிருந்து கொண்டுவந்த சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதி மூடிமேல் ஒட்டினாள்: ‘ஒன்பதாம் மாதம் இருபத்தைந்துக்குள் சாப்பிடவும்.’ அதைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு அவனுக்குப் போன் போட்டாள்.

அவன் எங்கேயோ சாலையோரத்தில் நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தான். படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“என்னடி, எம் பங்குக்கும் சீட்டு ஒட்டிட்டியா?”

“நாப்பது நாள்தான்யா. உள்ள வால்நட்டு இருக்கு. அதுக்கு மேல அது கேக் இல்ல, குப்பை.”

“எங்கம்மா இருந்தப்ப வருஷப் பொறப்பு வரைக்கும் வச்சு எடுத்துச்சே.”

“உங்கம்மா இருந்தப்ப உனக்கு வயிறுன்னு ஒண்ணு இருந்துச்சு. போன வருஷம் அது என்ன கதியாச்சுன்னு தெருவக் கேளு, சொல்லும்.” அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். “இங்க பாரு. நாப்பத்தொண்ணாவது நாள் காலையில இத அடுப்புல போட்டுருவேன். அதோட சரி. இனிமே உம் பேருல பங்கே வெட்டமாட்டேன். ரெண்டாத்தான் வெட்டுவேன், எனக்கும் மாமாவுக்கும்.”

நூடுல்ஸ் உறிஞ்சுகிற சத்தம் நின்றது. பார்க்கலாம் என்றான். போனை வைத்த பிறகுதான் ருன்மெய்க்குப் பயம் வந்தது. சொல்வதைச் சொல்லியாகிவிட்டது. சொன்னால் செய்கிறவள் என்று ஊருக்கே தெரியும். அவன் வராவிட்டால் தன் கையால்தானே அடுப்பில் போடவேண்டும்? போட்ட பிறகு அலமாரியில் அந்தத் துண்டுகூட இருக்காதே என்று டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

விஷயம் சாய்லிங்கின் காதுக்குப் போனது. அதாவது, தெரு முழுக்கப் போனது. மறுநாளிலிருந்து கடைக்கு உப்பு வாங்க வருகிறவர்களெல்லாம் இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு, முப்பத்தாறு என்று ருன்மெய்யும் சளைக்காமல் சொன்னாள். வான்சாங்குமே போன் பண்ணினால் அவளை விசாரிப்பதற்கு முன்னால் பங்கைத்தான் விசாரித்தான். ஐந்து நாளைக்கு ஒரு தடவை உலர்ந்த கையோடு டப்பாவைத் திறந்து, பார்த்து, முகர்ந்து, மூடிவிட்டு அவனிடம் ஒப்பிப்பாள். வாசனை நன்றாக இருக்கிறது, ஓரம் கொஞ்சம் இறுகியிருக்கிறது, மற்றபடி குறையில்லை என்று ஒரு நோயாளியின் நிலவரம் சொல்வதுபோலச் சொல்வாள். அவனும் கவனமாகக் கேட்டுக்கொள்வான். பதினோரு வருஷத்தில் அவர்கள் இவ்வளவு பேசினதே கிடையாது.

இருபத்தேழாம் நாள் அவன் வூஹானில் இருந்தான். சரக்கு இறக்க வரிசையில் நிற்பதாகவும், அது முடிய ஒரு வாரம் ஆகுமென்றும் சொன்னான். அப்புறம் இழுத்தான். செங்டுவுக்கு ஒரு நல்ல லோடு வந்திருக்கிறதாம். ஏற்றினால் திரும்பி வர மேற்கொண்டு பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். இன்னும் பதில் சொல்லவில்லை, யோசிக்கிறேன் என்றான். ருன்மெய் விரல் விட்டு எண்ணினாள். செங்டு போனால் நாற்பது தாண்டிவிடும். போகாதே என்று வாய்வரை வந்தது. கெஞ்சி வரவழைக்கிறதற்கா இத்தனை நாள் எண்ணினோம் என்று விழுங்கிவிட்டு, சரி, உன் இஷ்டம் என்றாள்.

முப்பத்தோராம் நாள் காலையில் டப்பாவைத் திறந்தாள்.

உள்ளே பேரிக்காய் இருந்தது. நறுக்கின பேரிக்காய், நாலு கீற்று, துண்டைச் சுற்றி அழகாக அடுக்கியிருந்தது. எண்ணெய்த் தாள் நனைந்து ஒட்டிக்கிடந்தது. கேக்கின்மேல் பச்சையும் வெள்ளையுமாகப் பூசணம் பூத்து நின்றது. ருன்மெய் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். வெளியே வந்து மாமனாரின் முன்னால் டப்பாவை நீட்டினாள்.

கிழவர் எட்டிப் பார்த்தார். முகம் செத்துப்போனது.

“அவனுக்கும் பல்லு ஆடுதாம்மா. போன வாரம் எங்கிட்ட சொன்னான்.” குரல் தாழ்ந்துவிட்டது. “நீ வேற ஓரம் இறுகிருச்சுன்னு போன்ல சொல்லிட்டிருந்த. வர்றவனுக்குக் கடிக்கக் கல்லாவா இருக்கணும், கொஞ்சம் பதமாகட்டுமேன்னுதான் வச்சேன். ஜாடிக்குப் பழம் போடுவியே, அந்த நெனப்புதான்.”

“அது முழுப் பழம் மாமா.”

“இத முழுசா வச்சா டப்பா மூடலையே.”

இதற்கு அவரை என்ன செய்யமுடியும்? பாவி மனுஷன் தனக்கு ஒரு விரல் அளவுக்கு மேல் கிடைக்காத வீட்டில், மகன் பங்கில் கைவைக்காமல், மகனுக்காகப் பேரிக்காய் நறுக்கியிருக்கிறார். திட்ட வாயெடுத்தவள் மூடிக்கொண்டாள். மேலாகச் சுரண்டிவிட்டால் உள்ளே நன்றாக இருக்குமோ என்று கிழவர் மெதுவாகக் கேட்டார். பூசணத்தின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே எங்கே வரைக்கும் ஓடியிருக்கிறதென்று யாருக்குத் தெரியும், போன வருஷம் சுரண்டினதற்கே மூன்று நாள் ஓடினானே என்றாள் ருன்மெய். அடுப்பு மூடியைத் திறந்து துண்டை உள்ளே போட்டாள். வெல்லம் தீய்கிற வாசனை வீடெல்லாம் பரவியது. டப்பாவை வெந்நீரில் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிப் போனாள். கடையில் அன்றைக்கு எத்தனை நாள் பாக்கி என்று கேட்டவர்களுக்கு உப்பை மட்டும் நிறுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் வான்சாங் போன் பண்ணினான். எடுத்ததும் வழக்கம்போல அதே கேள்வி.

“எம் பங்கு எப்படி இருக்கு?”

கெட்டுப்போய்விட்டது என்று சொன்னால் தீர்ந்தது. நாற்பது நாளும் இல்லை, கெடுவும் இல்லை, அவன் நிம்மதியாகச் செங்டு போய்விடுவான். பதினேழு வருஷத்தில் ஒரு பிஸ்கட் பொட்டலத்துக்குக்கூடப் பொய் சொல்லியிராதவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“நல்லா இருக்கு. இன்னும் எட்டு நாள் தாங்கும்.”

போன் கெட்டுவிட்டதோ என்று அவள் ஹலோ ஹலோ என்றாள். அப்புறம் அவன் குரல் வந்தது. செங்டு லோடு வேண்டாமென்று சொல்லிவிடுவதாகவும், இங்கே இறக்கியதும் நேரே வீட்டுக்கு வருவதாகவும், முப்பத்தெட்டாம் நாள் வந்துவிடலாம் என்றும் சொன்னான்.

சந்தோஷப்படக்கூட நேரமில்லை. ருன்மெய் போனை வைத்துவிட்டு நேரே சாய்லிங் வீட்டுக்கு ஓடினாள். நடந்ததைக் கேட்டுவிட்டு சாய்லிங் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வழியும் சொன்னாள். அதே மாவு, அதே எண்ணெய், அதே அச்சு. ஒன்று சுட்டு மூன்றில் ஒன்றை வெட்டி வைத்தால் போயிற்று, மீதி என் அடுப்புக்குக் கூலி, லாரிக்காரனுக்கு என்ன தெரியப்போகிறது என்றாள். அதெல்லாம் தப்பு என்று ருன்மெய் சொன்னாள். சொல்லிக்கொண்டே மாவை அளந்தாள்.

கேக் நன்றாக வந்தது. அதுதான் சிக்கல். மினுமினுவென்று, நேற்றுச் சுட்டது என்று ஊரைக் கூட்டிச் சொல்லுகிற மாதிரி இருந்தது. ஐந்து வாரம் இருந்த கேக்குக்கு இந்தப் பளபளப்பு ஏது? வெட்டின பக்கத்தை ஜன்னல் காற்றில் காயவிட்டாள். ஓரத்தை விரலால் உதிர்த்துவிட்டாள். எண்ணெய்த் தாளைக் கசக்கி, நீவி, மறுபடி கசக்கினாள். பழசுக்குப் புதுத் தேதி போடுகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். புதுசைப் பழசாக்குகிற ஒருத்தியை இப்போதுதான் பார்க்கிறாள், அதுவும் தன் வீட்டு ஜன்னல் கண்ணாடியில். அந்த பிஸ்கட் வியாபாரி மட்டும் இந்த நேரம் பார்த்து வந்துவிடக்கூடாது என்று ஒரு கணம் உண்மையாகவே பயந்தாள். துண்டை டப்பாவில் வைத்து மூடினாள். மூடிமேல் பழைய சீட்டு அப்படியே ஒட்டியிருந்தது. கிழவர் இத்தனையையும் பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார். அது அவர் சுபாவமில்லை. பேரிக்காய் செய்த வேலையில் மனுஷன் அடங்கிவிட்டார் என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

முப்பத்தெட்டாம் நாள் மத்தியானம் தெருமுனையில் லாரி வந்து நின்றது. காலி லாரி. சாய்லிங் சுவருக்குமேல் தலையை நீட்டி, கெடுவுக்கு ரெண்டு நாள் இருக்கும்போதே வந்துவிட்டீர்களே அண்ணே, வயிறு சௌக்கியமா என்று விசாரித்தாள். வான்சாங் அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே வந்தான். இளைத்திருந்தான். கன்னத்தில் ஒரு வாரத் தாடி. ருன்மெய் அவனைப் பார்த்ததும் முதலில் கையைக் கழுவு என்றாள்.

அவன் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, உலர்ந்துவிட்டதா என்று அவளிடம் காட்டிவிட்டு, அடியில் கனல் ஓடுகிற சூட்டு மேடைமேல் ஏறிக் குட்டி மேஜைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். எதிரே அப்பா. ருன்மெய் தேநீர் ஊற்றினாள். டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள். அவன் மூடிமேல் இருந்த சீட்டை ஒரு தடவை சத்தமாகப் படித்தான். திறந்து, தாளைப் பிரித்து, துண்டை எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகர்ந்தான். கிழவர் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

துண்டு அவன் வாய்க்குப் பக்கத்தில் போனது.

“நில்லுய்யா,” என்றாள் ருன்மெய்.

அவன் நிறுத்தினான்.

“அது உம் பங்கு இல்ல. உம் பங்கு முப்பத்தோராம் நாளே பூசணம் புடிச்சுப் போச்சு. அடுப்புல போட்டுட்டேன். இது போன வாரம் சுட்டது. மேல இருக்கிற தேதி பொய். நல்லா இருக்குன்னு போன்ல சொன்னேன் பாரு, அதுவும் பொய்.” டப்பா மூடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “சொன்னா நீ செங்டு போயிருவ. பயந்துட்டேன்யா. கேக்கும் இல்ல, நீயும் இல்லன்னா வெறும் அலமாரிய வச்சிக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?”

வான்சாங் அவளையே பார்த்தான். பிறகு துண்டை நிதானமாக ஒரு கடி கடித்தான். மென்றான். விழுங்கினான்.

“தெரியும்,” என்றான்.

அவளுக்குப் புரியவில்லை.

“அப்பா அன்னைக்கு மத்தியானமே போன் போட்டுட்டாரு. பேரிக்கா வச்சது நாந்தான்டா, பங்கு போச்சு, மருமக மேல குத்தமில்ல, நீ அவசரப்பட்டு ஓட்டாத, செங்டு போயிட்டு நிதானமா வான்னாரு.”

ருன்மெய் மாமனாரைப் பார்த்தாள். கிழவர் இன்னும் கோப்பையைவிட்டு நிமிரவில்லை. அவள் மனசுக்குள் தேதிகள் தாமாக ஓடின. முப்பத்தொன்று மத்தியானம் அவனுக்குத் தெரிந்துவிட்டது. முப்பத்திரண்டு காலையில்தான் அவன் பங்கு எப்படி இருக்கிறது என்று கேட்டான். மறுபடி எண்ணினாள். அதே கணக்குத்தான் வந்தது.

“தெரிஞ்சுகிட்டே ஏன்யா கேட்ட?”

“செங்டு போலாம்னுதான் இருந்தேன். நீ என்ன சொல்லுவ? கெட்டுப் போச்சு, குப்பை, அடுப்புல போட்டேன்னு நாலு திட்டு திட்டுவ, வாங்கிக்கிட்டு லோடு ஏத்தலாம்னுதான் போன் போட்டேன்.” அவன் கையிலிருந்த துண்டைப் பார்த்துக்கொண்டு பேசினான். “நல்லா இருக்கு, எட்டு நாள் தாங்கும்னு சொன்ன. ஒரு பிஸ்கட்டுக்குப் பொய் சொல்லாதவடி நீ. எனக்காக சொல்லிட்ட. அதக் கேட்டதுக்கப்புறம் எந்த ஊருக்குன்னு நான் லோடு ஏத்துவேன்?”

ருன்மெய் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. வூஹானிலிருந்து இவ்வளவு தூரம் காலி வண்டியை உருட்டிக்கொண்டு வருவாயா, வழியில் ஏதாவது ஏற்றியிருக்கக்கூடாதா, தாடியைப் பார், ஆளைப் பார் என்று கண்ணைத் துடைத்துத் துடைத்துத் திட்டினாள். அவன் நகர்ந்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பதினோரு வருஷத்துத் திட்டு, தீர நேரம் பிடித்தது.

கடைசியில் கிழவர் தொண்டையைக் கனைத்தார். பங்கு என்று ஒன்று இப்போது இல்லை, தேதியும் பொய்யென்று ஆகிவிட்டது, ஆகையால் இது சும்மா ஒரு கேக்தானே என்று சந்தேகம் கேட்டார். ருன்மெய் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கத்தியை எடுத்தாள். வான்சாங் கடித்த துண்டை வாங்கி மூன்றாக வெட்டி, மாமனாருக்கும் ஒரு முழுத் துண்டைக் கொடுத்தாள். மூன்று பேரும் அங்கேயே தின்றார்கள். எடுத்து வைக்க எதுவும் மிச்சமில்லை.